மிக்ஸி, களித் துடுப்பு, அம்மா: எங்க வீட்டு ஸ்ப்ரங்கி

அண்ணி இப்போ மிக்ஸி போடணும்னா பெத்த பையன்கிட்ட பர்மிஷன் வாங்கணும். "அம்மா, சரியா எட்டு செகண்ட் ஓட்டு, நடுவுல பேசாத"ன்னு போனை ஜாருக்குப் பக்கத்துல நீட்டிக்கிட்டு நிக்கிறான். எட்டு செகண்ட்ல எந்தச் சட்னி அரைபடும்? தேங்காய் தேங்காயாவே இருக்கு, மிளகாய் காம்போட தட்டுக்கு வருது. அண்ணன் வாயைத் திறக்காம சாப்பிட்டுட்டுப் போறாரு, அவர் குரலையும் புடிச்சிருவான்கிற பயம்.

எல்லாம் ஸ்ப்ரங்கின்னு ஒரு பாட்டு கட்டுற விளையாட்டு பண்ற வேலை. பிரான்ஸ்காரங்க 2009ல விட்ட இங்க்ரெடிபாக்ஸ்தான் இதுக்கு மூலம். ஏழு ஆள் வரிசையா நிப்பாங்க, கீழ 20 ஐகான். ஒண்ணை இழுத்து ஒருத்தன் மேல போட்டா, அதுக்கான வேஷத்தை மாட்டிக்கிட்டு வாயாலயே தாளமோ பாட்டோ ஆரம்பிப்பான். ஜீவன்னு நம்ம நாட்டு வாசனையோட ஒரு வெர்ஷன்கூட வந்துச்சு. ரசிகப் பசங்க அந்த அமைப்பை எடுத்து ஆளுக்கு ஒண்ணு செஞ்சதுல, 2024ல வந்து ஊரையே புடிச்சதுதான் ஸ்ப்ரங்கி. கலர் கலரா பொம்மைங்க. கடைசியில இருக்கிற கறுப்புத் தொப்பியைப் போட்டா அத்தனையும் பேயா மாறிடும். பசங்களுக்கு மத்த 19ம் சும்மா, தொப்பிதான் விளையாட்டே. ராத்திரி தனியாப் படுக்க பயப்படுற வாண்டுகளுக்கு மட்டும் காட்டாதீங்க.

இன்னொண்ணு. இது ப்ரவுசர்லயே ஓடுற சாமான். டவுன்லோட் பண்ணு, ஏபிகேன்னு ஆப் ஃபைலைப் போடுன்னு கேட்டா அந்தப் பக்கத்தை மூடிடணும். அப்படி ஒரு பக்கத்துல நோட்டிஃபிகேஷனுக்கு அலவ் குடுத்ததால எங்கம்மா போன்ல மணிக்கு ஒரு வைரஸ் பயமுறுத்தல் வந்துச்சு. அம்மா அதைப் படிச்சிட்டு போனையே வெயில்ல காய வச்சாங்க. குரோம் செட்டிங்ஸ்ல சைட் செட்டிங்ஸ், அதுல நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்தப் பேரை எடுத்தா முடிஞ்சது.

கட்டளைக் கட்டைகளை அடுக்கிப் பசங்க விளையாட்டு செய்யற ஸ்க்ராட்ச்ல அண்ணன் பையன் செய்யறது 'நாலு ரோடு வெர்ஷன்'. அண்ணி ராகிக் களி கிண்டும்போது துடுப்பு பானையில இடிக்கிற சத்தம்தான் பேஸ், நிஜமாவே அருமையா விழுந்திருக்கு. மிக்ஸி எஃபெக்ட். மெலடிக்குப் பாலக்கோடு பஸ் ஹாரன். ஒவ்வொண்ணா கேட்டா நல்லாத்தான் இருந்துச்சு. ஏழும் சேர்ந்ததும் சந்தைக்கடை.

ஒகேனக்கல் தண்ணி வந்துச்சான்னு கேக்க வந்த எதிர்வீட்டு பம்பை மாமா, குடத்தை இடுப்புல வச்சபடியே நின்னு கேட்டாரு. "துடுப்பு சரியா வருதுடா. பஸ்ஸுதான் ஒவ்வொரு சுத்துக்கும் முந்துது. அதைப் புடிச்சு நிறுத்து."

அவர் காது அப்படி. நிமிஷத்துக்கு 120 தட்டுன்னா ஒரு தட்டு அரை நொடி, 16 தட்டு 8 நொடி. பையன் பஸ்ஸை 7.9ல வெட்டி வச்சிருந்தான். ஐஞ்சு சுத்து போனா அரை நொடி, அதாவது முழுசா ஒரு தட்டு முன்னாடி நிக்கும். அதோட ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியா, முடிவில்லாம சுத்தற ஃபாரெவர் லூப்ல, சத்தம் முடியற வரை காத்திருக்கிற 'ப்ளே சவுண்ட் அன்டில் டன்' போட்டிருந்தான். ஸ்க்ராட்ச் நொடிக்கு 30 ஃப்ரேம் ஓடுறதால, ஒரு சுத்து முடிஞ்சு அடுத்தது தொடங்கறதுக்குள்ள ஒரு சின்ன இடைவெளி விழும், அதுவும் சேர்ந்துக்கும். தனித்தனி லூப்பே வேண்டாம். மேடைக்கு ஒரே ஒரு கடிகாரம் வச்சு, 8 நொடிக்கு ஒரு ப்ராட்காஸ்ட், அதாவது எல்லா பொம்மைக்கும் போற சேதி அனுப்பி, அது கிடைச்சதும் எல்லாரும் 'ஸ்டார்ட் சவுண்ட்'. புதுசா இழுத்துப் போட்டவனும் அடுத்த ப்ராட்காஸ்ட் வரை காத்திருக்கணும், ஒரிஜினல்லயும் சுத்து திரும்புற வரை காத்திருந்துதான் சேருவான்.

வெட்டுறதை ஆடாசிட்டிங்கிற ஒலி எடிட்டர்ல செய்யலாம். 44,100 ஹெர்ட்ஸ்ல 8 நொடின்னா 3,52,800 சாம்பிள், ஒண்ணு கூடவோ குறையவோ கூடாது. மிக்ஸி மாதிரி விடாம இரையற சத்தத்தை நடுவுல வெட்டினா திரும்பும்போது 'டக்'னு ஒலிக்கும். இசட் பட்டனைத் தட்டினா வெட்டு அலையோட பூஜ்யக் கோட்டுல உக்காரும். அப்புறம் நீளத்தை இன்னொரு தடவை பாத்துக்கணும். எம்பி3யா சேமிச்சா முன்னாடி கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கும், அதனால வேவ்தான். ஸ்டீரியோ வேண்டாம், மோனோ போதும்: ஒரு சத்தம் 0.7 எம்பி, இருபதும் சேர்ந்து 14.

அம்மா திட்டறதுதான் பெரிய சவால். காலைல இவனை எழுப்புற அர்ச்சனை 11 நொடி. அதை 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்'ல சுருக்கினா அணில் கத்தற மாதிரி ஆயிடுது. 'சேஞ்ச் டெம்போ' போட்டா குரல் அப்படியே இருக்கும், வேகம் மட்டும் கூடும். "எந்திரிடா எந்திரிடா, பொழுது மண்டைக்கு மேல வந்திருச்சு" துடுப்புத் தாளத்துல அவ்வளவு கச்சிதம். அம்மா முதல்ல மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தாங்க. மாமா தொடையில தட்டிக்கிட்டே தலையாட்டினதும், "என் குரலைக் கொஞ்சம் ஏத்தி வைடா"ன்னாங்க.

மாமா சொன்னதுல உருப்படியானது: ஏழு பேரையும் உடனே ஏத்தாதே. தாளத்தை ரெண்டு சுத்து தனியா ஓட விடு, பேஸைச் சேரு, அப்புறம்தான் குரல்.

ஒரிஜினல்ல குறிப்பிட்ட ஐஞ்சு ஐகான் ஒண்ணு கூடினா போனஸ் காட்சி வரும். இவன் வச்சிருக்கிற போனஸ் கரண்ட் கட்: எட்டு நொடி ஸ்க்ரீன் இருட்டு, சத்தமும் கிடையாது. முதல் தடவை அம்மா எழுந்து போய் தீப்பெட்டி தேடினாங்க.

பொம்மையைத் தொட்டா மியூட் ஆகும்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து வீட்ல நிம்மதி போச்சு. அம்மா வந்து உக்காந்தா முதல் வேலை அண்ணியோட மிக்ஸிக்கு மியூட். அண்ணி அந்தப் பக்கம் போகும்போது எந்திரிடாவுக்கு மியூட். இப்போ கறுப்புத் தொப்பிக்கு வந்து நிக்குது. தொப்பி போட்டா ஆயாதான் பேயா மாறணும்னு பையன் படமே வரைஞ்சுட்டான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்தாங்க.

"என்னை எதுக்குடா? உங்கம்மாவை வரை. அவளுக்குன்னா வேஷமே தேவையில்ல."

சமையல்கட்டுல மிக்ஸி ஓட ஆரம்பிச்சுது. எட்டு நொடி தாண்டியும் நிக்கல.