கூடப்பிறந்தவனுக்கு எள்ளும் தண்ணீரும்: ராமேசுவரம்

கொலையுண்ட தம்பிக்காகவோ அக்காவுக்காகவோ ராமேசுவரம் வருகிற குடும்பங்கள் பெரும்பாலும் மகாளய அமாவாசையன்றுதான் வந்து இறங்குகின்றன. ஆயுதத்தால் மாண்டவர்களுக்கு உரியது அதற்கு முந்தின நாள், மகாளய சதுர்த்தசி. சஸ்திரஹத சதுர்த்தசி என்பார்கள். போனவர் ஒருவரை மட்டுமே முன்னிட்டு, ஏகோத்திஷ்டமாகச் செய்வது வழக்கம். கூட்டமும் குறைவு. அமாவாசையன்று, கோயிலுக்கு எதிரே அக்னி தீர்த்தம் என்கிற கடலின் கரையில் தர்ப்பையைப் போட்டு உட்கார இடம் பிடிப்பதே பெரும்பாடு. யார் பெயரைச் சொல்லி எள் விடுகிறோம் என்பது நம் காதிலேயே விழாது.

வருஷ திதியில் வருவதானால் முதல் சிக்கல் அந்தத் திதிதான். பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் கைக்கு வரவே ஒன்றிரண்டு நாள் ஆகியிருக்கும். தகனம் நடந்த நாளைக் கணக்கில் எடுக்கக் கூடாது. உயிர் போன நேரத்துத் திதிதான் திதி. அறிக்கையில் அந்த நேரம் தோராயமாகவே இருக்கும். அந்த இடைவெளிக்குள் திதி மாறுகிறதா என்று பஞ்சாங்கத்தில் பார்த்து, மாறினால் ஊரிலேயே குடும்பப் புரோகிதரைக் கேட்டு ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். கடற்கரையில் நின்று அண்ணனும் மாமாவும் தர்க்கம் பண்ணும்படி விடாதீர்கள்.

வழக்கு முடியட்டும், பிறகு போகலாம் என்று காத்திருப்பவர்களும் உண்டு. வேண்டாம். வாய்தா வாய்தாவாக வருஷங்கள் ஓடிவிடும்.

இறந்தவர் பெயர், நட்சத்திரம், கோத்திரம், மூன்று தலைமுறைப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். அழுகையில் தாத்தா பெயர் மறந்துபோகும். கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவகோத்திரம் என்றோ காசியப கோத்திரம் என்றோ சொல்லிவிடுவார்கள். ஆட்டோவிலிருந்து இறங்குமுன்பே வந்து சூழ்கிற தரகர்களிடம் மட்டும் ‘கொலை’ என்ற சொல்லை வாயால் சொல்லாதீர்கள். ஆவி அலைகிறது, தனி சாந்தி வேண்டும் என்று தொகை ஏறிக்கொண்டே போகும். பேசும்போதே ஹோம சாமான், பிண்டம், தட்சணை எல்லாம் அடக்கமா என்று கேட்டு முடித்துவிட்டு சங்கல்பத்துக்கு உட்காருங்கள். உட்கார்ந்த பிறகு பேரம் பேச யாருக்கும் மனசு வராது, அவர்களுக்கு அது தெரியும்.

முதலில் கட்டிய துணியோடு கடலில் முழுக்கு. பிறகு எள்ளால் செய்கிற திலஹோமம், பிண்டம். பிண்டத்தைக் கடலில் கரைத்து, மறுபடி முழுகி எழ வேண்டும்.

இந்தத் தென்கடற்கரையில்தானே சம்பாதியும் தம்பிக்குத் தண்ணீர் விட்டான். சூரியன் சுட்டபோது தன் சிறகால் ஜடாயுவை மூடிக் காத்து, அந்தச் சிறகுகளையே தீய்த்துக்கொண்ட அண்ணன். ராவணன் தம்பியை வெட்டிய சேதி அவனுக்கு யாரோ பேசிக்கொண்டதில்தான் காதில் விழுந்தது. கொன்றவன் யார், எங்கே இருக்கிறான் என்று சீதையைத் தேடி வந்த வானரங்களிடம் விவரமாகச் சொன்னான். சொல்லிவிட்டு, என்னைக் கடலுக்குத் தூக்கிப் போங்கள், தம்பிக்கு நீர்க்கடன் கொடுக்க வேண்டும் என்றான். சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கும் எள் இறைக்கக் கடலுக்குமாக அலைகிற அண்ணன்மாரும் அக்காமாரும் அவன் வழியில்தான் நடக்கிறார்கள்.

கோயிலுக்குள் 22 தீர்த்தம். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும். கல் தரை வழுக்கும். வயதானவர்களை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டு வேண்டாம், பருத்தியே நல்லது. கூட்ட நாளில் வாளித் தண்ணீர் தலைக்கு நாலு சொட்டாகத்தான் தெறிக்கும், சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் கயா தீர்த்தத்தில் மட்டும் ஒரு நிமிஷம் நின்று, போனவரை நினைத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஈரத்துணியோடு சன்னிதிக்கு விடமாட்டார்கள். மாற்றுத்துணி கையில் இருக்கட்டும்.

விசுவநாதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் ராமநாதரிடம் போக வேண்டும். அங்கேதான் எல்லாம் உடையும். அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் கேட்பார்கள். அம்மாக்கள் பழக்கத்தில் மூத்தவன் பெயர், அடுத்தவன் பெயர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, இல்லாத பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தோடு சொல்லிவிடுவார்கள். அர்ச்சனை இருப்பவர்களுக்கு மட்டும்தான். போனவர் பெயருக்கு மோட்ச தீபம் இருக்கிறது. அதனால் சீட்டை வேறு யாராவது கையில் வைத்துக்கொண்டு பெயர்களைச் சொல்வது நல்லது. அப்படியும் அம்மா வாயில் அந்தப் பெயர் வந்துவிட்டால் விட்டுவிடுங்கள், திருத்தாதீர்கள். ராமநாதர் சீதை கையால் பிடித்த மணல் லிங்கம். வாலி, கும்பகர்ணன் என்று கூடப்பிறந்தவர்களைப் பறிகொடுத்த கதைகளையெல்லாம் கேட்டு உட்கார்ந்திருக்கிற சாமி. தீபாராதனை வெளிச்சத்தில் வரிசை தள்ளும், ‘நகருங்க நகருங்க’ என்பார்கள். அந்த இரண்டு நொடி முகம் காட்டினாயே ராமநாதா, அது போதும், அது போதும்.