டாலியெசின் வெஸ்ட்

அரிசோனா போகிறவர்கள் கிராண்ட் கேன்யனோடு திரும்பிவிடாதீர்கள். ஸ்காட்ஸ்டேலில், மெக்டவல் மலை அடிவாரத்தில், கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டின் குளிர்கால வீடான டாலியெசின் வெஸ்ட் இருக்கிறது. 1937-இல், எழுபது வயதில், கட்டத் தொடங்கியிருக்கிறார். 2019-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

சுவர்களை விட்டு நகரவே மனம் வரவில்லை. அங்கேயே கிடந்த கற்களைப் பொறுக்கி, பலகை அடைத்து, தட்டையான பக்கம் வெளியே தெரிகிற மாதிரி அடுக்கி, இடையில் கான்கிரீட் ஊற்றியிருக்கிறார்கள். பூச்சு கிடையாது. கூரை முதலில் வெறும் கேன்வாஸ் துணிதான். கண்ணாடியெல்லாம் பிறகு வந்தது. அப்படிக் கண்ணாடி போடும்போது ஒரு ஜாடி இடித்திருக்கிறது. ஜாடியை நகர்த்தவில்லை, கண்ணாடியை வெட்டியிருக்கிறார்கள்! (நம் வீட்டில் நடக்குமா?)

கல் சுமந்தது எல்லாம் ரைட்டிடம் கட்டடக்கலை படிக்க வந்த மாணவர்கள். கட்டணமும் கட்டிவிட்டு, ராத்திரி கூடாரத்தில் படுத்துக்கொண்டு. வழிகாட்டி இதைப் பெருமையாகச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

1940-களில் வீட்டின் எதிரே உயர் அழுத்த மின்கம்பிகள் வந்தபோது அதிபர் ட்ரூமன் வரைக்கும் முறையிட்டிருக்கிறார் மனுஷன். ஒன்றும் நடக்கவில்லை. கம்பிகள் இன்னமும் நிற்கின்றன.

அப்புறம், வாசல்கள் ரொம்பத் தாழ்வு. குறுகலாக நுழைந்து சட்டென்று பெரிய அறை விரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் போவதாக இருந்தால் காலை நேர டிக்கெட்டே எடுங்கள்.