பருத்திக்கொட்டை எண்ணெய்க்கு யார் லேபிள் ஒட்டுவது?

மரபணு மாற்றப்பட்ட உணவு என்று பேச்செடுத்தாலே நம்மில் பலருக்குக் கத்தரிக்காய்தான் நினைவுக்கு வருகிறது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து, புழுவைத் தானே எதிர்க்கும்படி மாற்றியதுதான் பி.டி. ரகம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் பங்கிருந்த பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் மத்திய அரசின் குழு பச்சைக்கொடி காட்டியது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களின் கருத்தைக் கேட்டுவிட்டு (அந்த ஏழில் தமிழக நகரம் ஒன்றுகூட இல்லை) 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்திவைத்தார். அதன்பின், அப்படிப்பட்ட பொருள் எதுவும் நம் அடுக்களைக்குள் நுழையவில்லை என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி, நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொண்டது. பஞ்சைப் பிரித்தபின் மிஞ்சும் கொட்டை ஆலைக்குப் போய், எண்ணெயாகக் குஜராத்துச் சமையலுக்கும், புண்ணாக்காக மாட்டுத் தொட்டிக்கும் வந்து சேர்கிறது. மரபணு மாற்றப்பட்ட சோயாவிலிருந்து எடுத்த எண்ணெயை இறக்குமதி செய்யவும் 2007-இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. கத்தரிக்காய்க்காகத் தெருவில் இறங்கிய நாம், எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

எண்ணெய் தப்பித்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. சுத்திகரிக்கும்போது புரதமும் மரபணுத் துணுக்குகளும் ஏறக்குறைய முழுவதுமாக நீங்கிவிடுவதால், பாக்கெட்டிலிருந்து ஒரு சொட்டை எடுத்துச் சோதித்து அது எந்த விதையிலிருந்து வந்தது என்று சொல்வது மிகக் கடினம். இங்கேதான் உலகம் இரண்டாகப் பிரிகிறது. சோதனையில் தென்படாததற்கு லேபிள் தேவையில்லை என்பது அமெரிக்காவின் நிலை. 2022 ஜனவரி முதல் அங்கே கட்டாயமான விதி, சுத்திகரித்த பொருள்களுக்கு வழிவிட்டு, தற்செயலாகக் கலந்ததற்கு 5 சதவீதம் வரை சலுகையும் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியமோ 2004 முதல் விதையிலிருந்து கடைவரை ஆவணங்களைத் தொடரச் சொல்கிறது. எண்ணெயில் எதுவும் தென்படாவிட்டாலும் அதன் மூலம் எதுவோ அதை லேபிளில் எழுதியாக வேண்டும், தற்செயல் கலப்புக்கான வரம்பும் 0.9 சதவீதம்தான். எனக்கு ஐரோப்பிய வழியே நியாயமாகப் படுகிறது.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. மரபணு மாற்றப்பட்ட உணவு உள்ள பொட்டலத்தின் முகப்பில், மேலே, 'ஜி.எம்.' என்ற இரண்டெழுத்து இருக்க வேண்டும் என்பது 2013 ஜனவரி 1 முதல் சட்டம். மளிகைக் கடையில் நிற்கும்போதெல்லாம் அந்த இரண்டெழுத்தைத் தேடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது; சிவப்பு இதயப் படமும் 'கொலஸ்டிரால் இல்லை' என்ற வாசகமும் கண்ணில் படுகின்றனவே தவிர, அது படவில்லை. ஆனால் வெளிநாட்டு ஆப்பிள் துறைமுகத்தில் இறங்க வேண்டுமானால், அது மரபணு மாற்றப்படாதது என்ற சான்றிதழ் 2021 மார்ச் முதல் வேண்டும். வாசலில் அத்தனை கெடுபிடி, கொல்லைப்புறம் திறந்தே கிடக்கிறது.

லேபிளை எதிர்ப்பவர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2016 அறிக்கை, புழக்கத்தில் உள்ள இத்தகைய உணவுகளால் மற்ற உணவுகளைவிட உடல்நலத்துக்குக் கூடுதல் தீங்கு என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றே சொன்னது. தீங்கில்லாததற்கு முத்திரை குத்தினால் மக்கள் வீணாக மிரள்வார்கள் என்பது அவர்களின் கவலை. அந்த அறிக்கையை நான் ஏற்கிறேன், கவலையை ஏற்கவில்லை. சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி வைப்பது அசைவம் நஞ்சு என்பதற்காக அல்ல. விதை நிறுவனத்தின் ஆதிக்கம், விவசாயியின் செலவு, சமய நம்பிக்கை எனத் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம்.

லேபிளுக்கு எட்டாத இடமும் உண்டு. மதுரையில் பொழுது சாய்ந்தால் தள்ளுவண்டியில் கிடைக்கும் பருத்திப்பால், ஊறவைத்த கொட்டையை அரைத்துப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சுவது. சுத்திகரித்த எண்ணெயைப் போலன்றி, இதில் கொட்டையின் புரதமும் சேர்ந்தே இறங்குகிறது. கொட்டை கரிசல் காட்டு நாட்டுப் பருத்தியான கருங்கண்ணியா, பி.டி. ரகமா என்று வண்டிக்காரரைக் கேட்டு என்ன பயன்? அவர் வாங்கும் மூட்டையில் ஒன்றும் எழுதியிருப்பதில்லை. எனவே, பாக்கெட்டோடு நிற்காமல், பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் ஜின்னிங் ஆலையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு கொட்டை மூட்டையிலும் ரகத்தை அச்சிடச் சொல்ல வேண்டும். எண்ணெய் ஆலைக்கும் தள்ளுவண்டிக்கும் அங்கிருந்துதான் சரக்கு பிரிகிறது.