உறவுமுறை எண்ட எடத்துல என்ன டைப் பண்றது

கொஞ்ச நாளா பேஸ்புக்குல எங்கட மட்டக்களப்புப் பொடியன்மார் தாய்லாந்துக் கலியாண வீடியோவப் போட்டு சண்டை பிடிக்கிறதப் பாத்துக்கொண்டு இரிக்கன். 2025 ஜனவரி 23ல இருந்து அங்க ஆம்பிளையும் ஆம்பிளையும், பொம்பிளையும் பொம்பிளையும் சட்டப்படி கலியாண எழுத்து வைக்கலாம். அதுக்கு இஞ்ச ஒருத்தர் கலாச்சாரம் அழியுதெண்டு போட, இன்னொருத்தர் வானவில் படத்தப் போட, கீழ நூத்தம்பது கமெண்ட். நான் ஒண்டும் எழுதல்ல. எனக்கு ஞாபகம் வந்தது ஒரு காணி உறுதி, அதான் காணிப் பத்திரம்.

ஆறு வருஷம் ஒரு நொத்தாரிசு ஐயாட கந்தோர்ல டைப் பண்ணினனான். ஒருநாள் ஒரு டீச்சரும் இன்னொரு அக்காவும் வந்தாங்க, எந்த ஊரெண்டு சொல்லமாட்டன். டீச்சர் கலியாணம் கட்டல்ல. ஆனா தாய் இரிக்கக்கொள்ளயே வீட்ட மூத்த மகள் எண்டு அவட பேருக்கு எழுதிட்டா, எங்கட பக்கம் வீடு பொம்புளப் புள்ளைக்குத்தானே, மாப்பிள்ளைதான் பொட்டியத் தூக்கிட்டு வருவாரு, தமிழாக்களும் சரி காத்தான்குடி அக்கரைப்பற்று முஸ்லிமாக்களும் சரி அப்பிடித்தான். அந்த வீட்டுலதான் ரெண்டு பேரும் இருவது வருஷத்துக்கு மேல ஒண்டா இரிக்காங்க, மேல் தட்டுப் போட்டதுக்கு அந்த அக்கா தையல் மெசின்ல உழைச்ச காசும் போயிரிக்கி. இப்ப டீச்சருக்கு சுகமில்ல. தங்கச்சிட மகன்மார் கிழமைக்கு ஒருக்கா வந்து சுவரத் தட்டிப் பாத்துட்டுப் போறானுகளாம்.

ரெண்டு பேரும் என்ன முறையெண்டு நான் கேக்கல்ல. ஐயாவும் கேக்கல்ல. கேட்டிருந்தா அவங்களால பதில் சொல்லவும் ஏலாது, ஏனெண்டா இலங்கைல ஒரே பாலாருக்குள்ள உறவு இன்னும் குற்றம்.

இதத்தான் கமெண்ட் போடுற பாதிப் பேருக்குத் தெரியா. கலியாணம் எங்கயோ கிடக்கட்டும், 1883ல வெள்ளக்காரன் எழுதின தண்டனைச் சட்டக்கோவைல 365, 365அ எண்டு ரெண்டு பிரிவு இரிக்கி, 365அக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் மறியல், அதான் சிறை. மோசமான அசிங்க நடத்தை எண்டமாதிரி ஒரு சொல்லுதான் அதுல, அது என்னண்டு சட்டம் விளக்கவேயில்ல. முதல்ல அது ஆம்பிளைகளுக்கு மட்டுந்தான், 1995ல திருத்துறமெண்டு போய் ஆம்பிளை எண்ட சொல்ல எடுத்துட்டு ஆள் எண்டு போட்டாங்க, பொம்பிளைகளும் உள்ளுக்க வந்துட்டாங்க. சமத்துவமாம்!

இந்தியாவுல 2018 செப்டம்பர் 6ந் திகதி சுப்ரீம் கோர்ட் இதே மாதிரியான 377ஆம் பிரிவ, வளந்தாக்கள் சம்மதத்தோட செய்றதுக்குச் செல்லாதெண்டு வெட்டின மாதிரி இஞ்சயும் வழக்குப் போடலாந்தானே எண்டு கேப்பீங்க. ஏலாது. எங்கட அரசியலமைப்புல 16ஆம் உறுப்புரை எண்டு ஒண்டு இரிக்கி, 1978க்கு முந்தின சட்டம் அடிப்படை உரிமைக்கு முரணா இருந்தாலும் அது செல்லும் எண்டு. 2016ல எங்கட சுப்ரீம் கோர்ட்டான உயர் நீதிமன்றம் ஒரு வழக்குல, வளந்த ரெண்டு பேர் சம்மதத்தோட செய்றதுல அரசாங்கம் தலையிடக்கூடாதெண்டுதான் இண்டைக்கு உலகம் நினைக்கிதெண்டு எழுதி மறியல ஒத்திவச்ச தண்டனையா மாத்தினிச்சு, ஆனா சட்டம் அப்பிடியேதான். பொறகு பிரேம்நாத் தொலவத்த எம்பி இதக் குற்றமில்லையெண்டு ஆக்க ஒரு தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தாரு, அதுக்கு எதிரா கோர்ட்டுக்குப் போனாங்க, 2023 மே மாசம் அது அரசியலமைப்புக்கு முரணில்லையெண்டு தீர்ப்பு வந்திச்சு. நாங்களும் சரி இனி பாஸ் ஆகுமெண்டு நினைச்சம். வாக்கெடுப்புக்கே வரல்ல, 2024 செப்டம்பர்ல பாராளுமன்றத்தக் கலைக்க அதுவும் போயிட்டு.

இந்தியாவுலயும் குற்றமில்லையெண்டு ஆகி அஞ்சு வருஷம் கழிச்சு 2023 அக்டோபர்லதான் கலியாணக் கேள்விக்குப் பதில் வந்த, அதுவும் இல்லையெண்டு. அஞ்சு நீதியரசர்மாரும் கலியாணம் அடிப்படை உரிமையில்லையெண்டதுல ஒண்டு. கலியாணமெண்டு சொல்லாம ஒரு சட்ட உறவாயாவது ஏத்துக்கொள்ளலாமா எண்டதுல மூண்டுக்கு ரெண்டாப் பிரிஞ்சு, அதுவும் தோத்துட்டு. பாராளுமன்றம் பாக்கட்டுமாம். ரெண்டு நாட்டுலயும் பந்து அங்கதான் கிடக்கு.

சரி, கலாச்சாரம். கலியாணச் சட்டம் காலாகாலமா ஒண்டுதான் எண்டு சொல்றவங்க அம்பாறை மாவட்டத்துல ஒருக்கா பஸ்ஸுல போய்ப் பாருங்க, ஒரு மாவட்டத்துக்குள்ளயே பொதுச் சட்டம், முஸ்லிம் சட்டம், கண்டிச் சட்டம் எண்டு மூண்டு கலியாணம். கண்டிச் சட்டத்துல 1859 வரைக்கும் அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரு பொண்சாதி சட்டப்படி சரி. எங்கட மட்டக்களப்புல முக்குவர் சமூகத்துப் பழைய வழமையான முக்குவச் சட்டப்படி ஒருத்தன் செத்தா முதுசம் புள்ளைக்கில்ல, அக்கா தங்கச்சிட மகனுக்கு, குடி எண்ட வம்சமெல்லாம் தாய் வழி. 1876 கட்டளைச் சட்டம் வந்துதான் அத முடிச்ச. அதே 1876 சட்டந்தான் உயில் இல்லாம செத்தா புருசன் பொண்சாதிக்குப் பாதிச் சொத்து எண்டு சொல்ற. டீச்சர் எழுதாம செத்தா அந்த அக்காக்கு ஒரு ஓடும் இல்ல, எல்லாம் கூடப்பொறந்ததுகளுக்கு. முக்குவச் சட்டம் இல்லாமலே மருமக்கள் வந்து சுவரத் தட்டுறாங்க எண்டு ஐயா சிரிச்சாரு, எனக்குச் சிரிப்பு வரல்ல.

உயில், அதான் மரண சாசனம், எழுதலாந்தான், நொத்தாரிசும் ரெண்டு சாட்சியும் போதும். டீச்சர் மாட்டனெண்டுட்டா. "நான் கண்ண மூடின பொறகு இவவக் கோட்டுக்கு இழுப்பானுகள், அங்க ஏறி நிண்டு என்ன சொல்லுவா இவ?" எண்டா. அதனால அந்த அக்காட பேருக்கு நன்கொடை உறுதி, சாகுமட்டும் வீட்ட அனுபவிக்கிற சீவிய உரித்த டீச்சருக்கு வச்சு.

நன்கொடை உறுதிக்கு எங்கட கம்பியூட்டர்ல ஒரு மாதிரி இரிக்கி. "எனது ... ஆகிய இன்னார் மேல் எனக்குள்ள இயற்கையான அன்பும் பட்சமும் காரணமாக" எண்டு வரும், புள்ளி போட்ட எடத்துல மகள், பேத்தி, சகோதரி எண்டு அடிப்பன். எத்தனை நூறு அடிச்சிருப்பன், அண்டைக்குத்தான் கை நிண்டிச்சு. சினேகிதி எண்டு போடவா எண்டு கேட்டன். டீச்சர் அந்த அக்காவப் பாத்தா. "ஒண்டும் போடாதீங்க மனே, பேரும் ஐடி நம்பரும் போதும்" எண்டா. புள்ளிகள அழிச்சிட்டன், அன்பும் பட்சமும் அப்பிடியே இரிந்திச்சு.

உறுதிய வாசிச்சு விளங்கப்படுத்திட்டுத்தான் கையெழுத்து வாங்கோணும். ஐயா சாட்சிக்காரர் ரெண்டு பேருக்கும் முன்னால சத்தமா வாசிச்சாரு, அந்த வரி வரக்கொள்ள அந்த அக்கா சீலைத் தலைப்ப விரல்ல சுத்திக்கொண்டு நிலத்தப் பாத்துக்கொண்டிருந்தா.

காசக் கட்டிட்டு எழும்பக்கொள்ள டீச்சர் திரும்பிக் கேட்டா, "ஐயா, விதவைகள் அநாதைகள் பென்ஷனுக்கும் இவட பேர இப்பிடி எழுதலாமா?"

"அது புருசன் பொண்சாதி புள்ளைகளுக்கு மட்டுந்தான் டீச்சர்" எண்டாரு ஐயா. ஓமெண்டு தலைய ஆட்டிட்டு, ரெண்டு பேரும் ஆட்டோல ஏறினாங்க.