பழைய டீசல் பம்புசெட்டுக்கு லாரி ட்யூபும் சலவை சோப்பும்: செய்து பார்த்த குறிப்புகள்

மும்முனை மின்சாரம் வரும் நேரமும் மணிலாப் பயிருக்குத் தண்ணீர் கட்ட வேண்டிய நேரமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஆகவே, கொட்டகையில் கிடந்த 5 குதிரைத்திறன் டீசல் இன்ஜினையும் பம்பையும் மீண்டும் ஓட வைப்பதென்று தை அறுவடை முடிந்ததும் தீர்மானித்தேன். கடைக்குப் போவதற்கு முன், வீட்டிலும் தோட்டத்திலும் இருப்பதை வைத்து எதுவரை சமாளிக்க முடியும் என்று பார்ப்பதே நோக்கம்.

இன்ஜின் எளிதில் கிளம்பியது, தண்ணீர்தான் ஏறவில்லை. பம்பில் ஊற்றிய தண்ணீர், உறிஞ்சு குழாயின் அடிமுனையிலுள்ள ஒருவழி வால்வான புட்வால்வு வழியாகக் கிணற்றுக்கே இறங்கிக்கொண்டிருந்தது. சாணியைக் கரைத்து ஊற்றும் பழைய வழக்கத்தை முதலில் செய்து பார்த்தேன். சாணியிலுள்ள நார்த்துணுக்குகள் வால்வின் இடுக்கில் போய் அடைத்துக்கொள்வதால், குழாய் நிரம்பி பம்பு தண்ணீரைப் பிடிக்கும் வரை கசிவு மட்டுப்படுகிறது. ஆனால் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அதையே மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது. எனவே புட்வால்வை மேலே ஏற்றிப் பிரித்தேன். உள்ளேயிருந்த தோல் மடல் காய்ந்து வளைந்திருந்தது. சைக்கிள் ட்யூப் இதற்கு மெல்லியது, மடங்கிவிடும். ரப்பர் செருப்பின் அடி நுரைத்தன்மை உள்ளதால் அழுந்தி அழுந்தி வடிவம் கெடும். பழைய லாரி ட்யூபை இரண்டு அடுக்காக வெட்டி, பழைய இரும்புத் தகட்டையே மேலே வைத்து முடுக்கியதில் மடல் சரியாகப் படிந்தது.

அதன் பிறகு தண்ணீர் வந்தது. ஆனால் விட்டுவிட்டு, நுரைத்து வெண்மையாகக் கொட்டியது. உறிஞ்சு குழாயில் எங்கோ காற்று நுழைகிறது என்பதற்கு இதுவே அடையாளம். பம்பிலிருந்து தண்ணீரை வெளியே கொண்டுபோகும் விடு குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் பீய்ச்சிக் காட்டிக்கொடுத்துவிடும். உறிஞ்சு குழாயிலோ உள்ளே அழுத்தம் குறைவாக இருப்பதால் சொட்டுக்கூட வெளியே தெரியாது. பம்பு ஓடும்போது ஊதுபத்தியை இணைப்புகளின் ஓரமாக மெதுவாக நகர்த்திச் சென்றேன். குழாயைப் போல்ட்டு போட்டு இணைக்கும் விளிம்பான ஃபிளேஞ்சுக்குக் கீழே துருப்பிடித்த ஓரிடத்தில் புகை உள்ளே இழுக்கப்பட்டது. துருவைச் சுரண்டிவிட்டு, சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் பட்டையாக வெட்டி, நன்றாக இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கம்பியால் கட்டினேன். வெளிக்காற்றின் அழுத்தமே ரப்பரை ஓட்டையின் மீது அமுக்கிப் பிடிப்பதால் இந்தக் கட்டு நன்றாக நிற்கிறது. இதே கட்டை விடு குழாயில் போட்டால் தண்ணீர் அதை வெளியே தள்ளும். அங்கே நான் கிளாம்பு இல்லாமல் ரப்பரை நம்புவதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: காற்றழுத்தம் தண்ணீரை அதிகபட்சம் 10.3 மீட்டர் வரைதான் தூக்கும், நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டர்தான். கோடையில் நீர்மட்டம் அதற்கும் கீழே போய்விட்டால் எந்தக் கட்டும் உதவாது. பம்பைக் கிணற்று மேடைக்கு இறக்கலாம். ஆனால் இன்ஜினையும் சேர்த்து உள்ளே இறக்கி ஓட்டக் கூடாது, அதன் புகை கிணற்றுக்குள் தேங்கி ஆளையே கொன்றுவிடும்.

சுழலும் தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தில் கசிவைத் தடுக்கும் கிளாண்டில் கயிறு தேய்ந்திருந்தது. பருத்திக் கயிற்றைக் கிரீஸில் ஊறவைத்து, தண்டின் சுற்றளவுக்குத் துண்டுகளாகச் சாய்வாக வெட்டி, முனைகள் ஒரே இடத்தில் அமையாதபடி வளையம் வளையமாகத் திணித்தேன். பென்சில் தூளையும் கலக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பென்சிலில் கிராஃபைட்டோடு களிமண்ணும் இருப்பதால் தண்டு தேயும் என்று தவிர்த்துவிட்டேன். கிளாண்டு நட்டுகளை முழுவதும் இறுக்காமல், தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடியும்படி விட்டிருக்கிறேன். அந்தச் சொட்டுதான் கயிற்றையும் தண்டையும் குளிர்விக்கிறது. கசிகிறதே என்று இறுக்கினால் கயிறு கருகிவிடும்.

டீசல் டேங்கின் அடியில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதில் சலவை சோப்பை அழுத்தித் தேய்த்ததும் கசிவு நின்றது. சோப்பு டீசலில் கரைவதில்லை. தண்ணீரில் கரையும் என்பதால் மழைக்கு முன் டேங்கைக் கழற்றி ஓட்டையை வெல்டிங் வைத்து அடைக்க வேண்டும். டீசல் குழாய் இணைப்பிலிருந்த செப்பு வாஷர்கள் பலமுறை இறுக்கப்பட்டுக் கெட்டியாகியிருந்தன. அவற்றை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். இரும்பைப் போலன்றிச் செம்பு இப்படிச் செய்தால் இளகிக்கொடுப்பதால், அதே வாஷர்கள் மறுபடி கசிவின்றிப் பொருந்தின. பிறகு டீசல் பாதையில் காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, டீசலில் குமிழி நிற்கும் வரை காற்றை வெளியேற்றினேன்.

இன்ஜினின் டீசல் பம்பிலிருந்து, டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் குழாயில் மட்டும் கை வைக்கவில்லை. அங்கே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவில் அழுத்தம் இருக்கும்; கசிவைத் தேடி விரலை வைத்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அதன் முனையில் லேசான ஈரம் தெரிவதால் புதுக் குழாய்க்குச் சொல்லியிருக்கிறேன். அது வந்ததும் நாசிலையும் பட்டறையில் கொடுத்துச் சோதிக்க வேண்டும். பெல்ட் வழுக்குவதைப் பார்ப்பது அதற்கடுத்த வேலை.