பல் தேய்மானம்: அடைப்பதற்கு முன் நடந்தவை

சொத்தை என்று நினைத்துத்தான் பல் மருத்துவரிடம் போனேன். ஈறை ஒட்டி நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம், குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று கூச்சம். அவர் பார்த்துவிட்டு, "சொத்தை இல்லை, தேய்மானம். அதுவும் இரண்டு வகை" என்று சொல்லி, கண்ணாடியைக் கையில் கொடுத்தார்.

ஈறோரம் ஆப்பு வடிவில் செதுக்கியது போல இருந்த பள்ளம் பிரஷ் உராய்ந்து வந்தது. இடது பக்கம் அதிக ஆழம்; வலது கையால் அழுத்தித் தேய்ப்பவர்களுக்கு அப்படி அமைவதுண்டாம். மேல் முன்பற்களின் உட்புறமோ வேறு மாதிரி. மேடு பள்ளமெல்லாம் கரைந்து வழவழவென்று இருந்தது. அது அமிலம் அரித்த இடம். உடனே அவர் கேட்டது, "நெஞ்செரிச்சல் உண்டா?"

உண்டு. படுத்தால் தொண்டை வரை புளிப்பு ஏறும். அதற்கும் பல்லுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றியதே இல்லை. அமிலத்தன்மையைக் காட்டுவது பிஎச் அளவு; அது குறையக் குறைய அமிலம் கூடும். வாயில் அது ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போனாலே பல்லின் கெட்டியான மேல் உறையான எனாமல் கரைய ஆரம்பிக்கும். வயிற்று அமிலம் அதைவிடப் பல மடங்கு கடுமை. அமிலம் பட்டதும் எனாமலின் மேல்பரப்பு இளகிவிடும். உமிழ்நீர் அதை மெல்லச் சரிசெய்யும். அதற்குள் பிரஷ் போட்டால் இளகியது அப்படியே உரசிக்கொண்டு போய்விடும். என் வாயில் இரண்டு வகையும் சேர்ந்து வேலை செய்திருந்தன.

எல்லாப் பள்ளத்தையும் அன்றே அடைத்துவிடுங்கள் என்றேன். மறுத்துவிட்டார். காரணம் நிற்காமல் அடைத்தால் அடைப்பின் ஓரத்திலேயே மறுபடி தேயும் என்பது அவர் வாதம். கூச்சத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் சரியான வரிசை அதுதான் என்று இப்போது சொல்வேன்.

அன்று செய்தது ஃப்ளோரைடு வார்னிஷ் மட்டும். பல்லைச் சுத்தம் செய்து, பஞ்சு வைத்து ஈரத்தை ஒற்றி, சின்னத் தூரிகையால் மஞ்சளான பிசுபிசுப்பு ஒன்றைப் பூசினார். ஊசி இல்லை, வலி இல்லை. நாக்கால் தடவினால் பல்லில் கோந்து ஒட்டியது போல இருந்தது. சில மணி நேரத்துக்குச் சூடானதும் கடினமானதும் வேண்டாம், அன்றிரவு பல் தேய்க்கவும் வேண்டாம் என்றார். சாதாரணப் பற்பசையில் ஃப்ளோரைடு பத்து லட்சத்துக்கு 1,000 முதல் 1,500 பங்கு. இந்த வார்னிஷில் 22,600. அதனால்தான் வீட்டில் செய்கிற வேலை இல்லை இது. போன எனாமலை இது திரும்ப வளர்க்காது, இருப்பதைக் கெட்டிப்படுத்தும், கூச்சத்தைக் குறைக்கும்.

மற்றதெல்லாம் வீட்டு வேலை. மிருதுவான பிரஷ், அதையும் பேனா பிடிப்பது போல விரல் நுனியில் பிடிக்க வேண்டும். முஷ்டியில் பிடித்தால் கை தானாக அழுத்துகிறது! வெண்மையாக்கும் பொடி, கரிப்பொடி எல்லாம் கூடாது. அவை உப்புத்தாள் ரகம். புளிப்பு எதுவும் உள்ளே போனால், அல்லது எதுக்களித்தால், முதலில் வெறும் தண்ணீரில் கொப்பளிப்பு. அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிரஷ். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீரால் அலசினால் ஃப்ளோரைடும் போய்விடும். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இதுதான், வாய் கழுவாமல் எப்படி! நெஞ்செரிச்சலுக்குத் தனியாகப் பொது மருத்துவரிடம் போய் மருந்து வாங்கினேன். அது அடங்கிய பிறகே பல்லிலும் வித்தியாசம் தெரிந்தது. கூச்சத்துக்கான பற்பசை பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பாதியில் விடவில்லை.

அப்புறம் ஆழமான பள்ளங்களை மட்டும் பல்லின் நிறத்திலேயே காம்போசிட் என்ற பிசின் கலவை வைத்து அடைத்தார். பெரிதாகக் குடைய வேண்டியிருக்கவில்லை. ஈறோரம் ஈரம் படாமல் வைத்துக்கொள்வதுதான் அதில் சிரமமான பாகம். மற்றப் பள்ளங்களைத் தொடவில்லை. படம் எடுத்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறை வார்னிஷ் பூசப் போகும்போதும் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஆழம் கூடினால்தான் அவற்றுக்கும் அடைப்பு.