விளிம்பு தெரியக் கூடாது: ரிப்பீட் வடிவமைப்பு நாட்குறிப்பு

2025 ஜூன் 2, திங்கள், வெள்ளவத்தை

ரிப்பீட், அதாவது மூட்டுத் தெரியாமல் துணி முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் வடிவம், பழகுகிறவர்கள் முதலில் கடதாசியில்தான் பழக வேண்டும். 20 செ.மீ. சதுரத் தாள் போதும். ஓரத்தைத் தொடாமல் நடுவில் மட்டும் வரையுங்கள். பிறகு நேர்குத்தாகச் சரிபாதியில் வெட்டி, இடப்பாதியை வலப்பக்கமும் வலப்பாதியை இடப்பக்கமும் மாற்றி வைத்துப் பின்புறம் டேப் ஒட்டுங்கள். அடுத்து கிடையாக வெட்டி, மேலைக் கீழாக மாற்றுங்கள். ஓரங்களில் இருந்த வெறுமை இப்போது நடுவுக்கு வந்துவிடும். அதை நிரப்பினால் டைல், அதாவது பக்கம் பக்கமாக அடுக்கித் துணியை நிரப்பும் ஒரு துண்டு, தயார்.

கத்தரிக்கோல் வேண்டாம். இரும்பு அடிமட்டமும் பிளேடும்தான். வெட்டு ஒரு மில்லிமீட்டர் கோணினாலும் துணியில் ஒவ்வொரு டைலிலும் தண்டு ஒடிந்து நிற்கும்.

ஜூன் 4, புதன்

அதே வேலையை ஃபோட்டோஷொப்பில் ஓஃப்செட் ஃபில்டர் செய்கிறது. 3000 × 3000 பிக்சல், 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் அச்சில் 25.4 செ.மீ. கிடைக்கும். கிடையாக 1500, நேர்குத்தாக 1500 கொடுத்து 'ராப் அரவுண்ட்' தெரிவு செய்ய வேண்டும்; ஓர் ஓரத்தில் வெளியே போன பகுதி அப்போது எதிர் ஓரத்தில் உள்ளே வரும். அளவு எப்போதும் இரட்டை எண்ணாக இருக்கட்டும். அரைப் பிக்சல் வந்தால் சரியாகப் பாதியாகாது.

இரண்டு இடத்தில் பலர் சிக்குகிறார்கள். ஓஃப்செட் தெரிவுசெய்த லேயரை மட்டுமே நகர்த்தும். ஆகவே எல்லா லேயரையும் சேர்த்த ஒரு கொப்பியில் செய்ய வேண்டும். கன்வஸுக்கு வெளியே நீண்டு கிடக்கும் இலைநுனிகளையும் முதலில் கிரொப் செய்து நீக்க வேண்டும்.

ஜூன் 7, சனி

புறக்கோட்டைக்குப் போனால் துணிக்கடையில் அடிமட்டத்தோடு நில்லுங்கள். ஒரு சீத்தைத் துணியை விரித்து ஒரு பூவைப் பிடியுங்கள். அச்சொட்டாக அதே பூ மறுபடி எங்கே வருகிறது என்று மேலிருந்து கீழும் பக்கவாட்டிலும் அளந்து பாருங்கள். பக்கத்து வரிசையில் அது அதே உயரத்தில் நின்றால் நேர் ரிப்பீட், டைலின் அரை உயரம் இறங்கி நின்றால் ஹாஃப் டிராப். பத்துத் துணி அளந்தால் கண் பழகிவிடும்.

ஜூன் 11, புதன்

டைலும் டைலும் சேரும் மூட்டுச் சரியாகப் பொருந்துவது சுலபமான பாதி. கஷ்டமானது, துணி முழுக்க விரிந்ததும் தெரியும் கோடுகள்.

செவ்வரத்தையை எடுத்துக்கொள்வோம். ஐந்து இதழும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நடுவிலிருந்து நீளும் மகரந்தத் தண்டு அம்பு மாதிரி ஒரு திசையைக் காட்டும். சதுர டைலை ஹாஃப் டிராப்பில் அடுக்கினால், ஒரு பூவும் பக்கத்து வரிசையில் அதன் கொப்பியும் ஏறக்குறைய 27 பாகைச் சரிவில் நிற்கும். தண்டும் அதே சரிவில் சாய்ந்திருந்தால் கண் பூவைப் பார்க்காது. துணி நெடுக ஓடும் சாய்கோட்டைத்தான் பார்க்கும். தண்டைத் திருப்புங்கள். டைலுக்குள் மூன்று பூ இருந்தால் மூன்றும் வேறு வேறு திசை பார்க்கட்டும்.

வெறுமையும் இப்படித்தான் கோடாகும். டைலை மூன்றுக்கு மூன்றாக அடுக்கி, 25 சதவீதத்துக்குச் சிறிதாக்கி, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வெள்ளை ஆறு மாதிரி ஓடும் இடம் உடனே தெரியும். அங்கே இன்னொரு பெரிய பூவைத் திணித்தால் புதுக் கோடு பிறக்கும். மொட்டு, இலை, இரண்டு புள்ளி; அவ்வளவு போதும்.

ஜூன் 13, வெள்ளி

குஷன் உறையில் 6 செ.மீ. பூ அழகு. பென்சில் பையில் அதே பூவை வைத்தால் பாதி இதழ் தையலுக்குள் போய்விடும். அங்கே 2 செ.மீ. போதும். ஏ4 தாளில் 100 சதவீதத்தில் அச்சடித்துப் பொருளின் மேல் வைத்துப் பார்க்காமல் அளவை முடிவு செய்ய வேண்டாம். திரை ஏமாற்றும்.

ஜூன் 16, திங்கள்

அச்சகத்துக்கு அனுப்புமுன் முறையைக் கேளுங்கள். டிஜிட்டல் அச்சென்றால் டைல் அளவுக்குப் பெரிய கட்டுப்பாடில்லை. உருளை உருண்டு அச்சிடும் ரோட்டரி ஸ்கிரீனில் அந்த உருளையின் சுற்றளவு பொதுவாக 64 செ.மீ.; டைலின் உயரம் அதை மீதியில்லாமல் வகுக்க வேண்டும். 32 சரி, 16 சரி, 25.4 சரிவராது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் என்பதால் ஆறு நிறத்துக்குள் நிறுத்தினால் செலவு தாங்கும்.

ஜேபெக் வேண்டாம், அதன் சுருக்கம் ஓரத்து நிறத்தைக் கலக்கி மூட்டைக் காட்டிக்கொடுக்கும். டிஃப் அல்லது பிஎன்ஜி அனுப்புங்கள். கூடவே ஒரு தாளில் டைலின் அகலம், உயரம் செ.மீ.இல், நேர் ரிப்பீட்டா ஹாஃப் டிராப்பா, எது மேல்பக்கம் என்ற அம்புக்குறி.